வெளிச்சம் பத்தல

— அய்யோ, அந்தப் பக்கம் பிடிக்காதீங்க! அது ஈயம் பத்த வைக்கிற முனை!

— தெரியும், தெரியும். சூடு ஏறிடுச்சான்னு கைய கிட்ட கொண்டு போய்ப் பாத்தேன்.

— ஆமாமா. போன வாரமும் இப்படித்தான் பாத்தீங்க. விரல்ல கொப்புளம் இன்னும் ஆறல. தள்ளி உக்காருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் கம்பெனியில எனக்கு இதே வேலை. ஒரு நாளைக்கு நானூறு போர்டு. நீங்க வேன் ஓட்டுறவரு, நான் ஈயம் பத்த வைக்கிறவ. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தா போதும்.

— வேன் ஓட்ட விட்டாத்தானே? சாவிய இடுப்புல செருகிக்கிட்டு சிலை மாதிரி உக்காந்திருக்கா, மகராசி. ஒரு வாரம் முழுசா போச்சு. பள்ளிக்கூடத்துல எனக்குக் காய்ச்சல்னு வேற சொல்லி வெச்சிருக்க. ஒரு வாரம் விடாம காய்ச்சல் அடிச்சா மனுசன் போய்ச் சேந்திருப்பான்.

— வாயக் கழுவுங்க. வேற என்ன சொல்லச் சொல்றீங்க? உண்மையச் சொல்லட்டுமா?

— அட விடு. அதான் இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சு போற பேச்சாச்சே. நாளைக்குத் திங்கட்கிழமை. காலையில ஆறரைக்கு நான் வண்டியில இருப்பேன். நீ வேணா பாரு.

— பாக்கத்தானே போறேன். இந்தப் பலகைய ரெண்டு கையாலயும் பிடிங்க. ஆட்டாதீங்க.

— பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன். இது பலகையா? அலுமினியம். பன்னெண்டு வெள்ளை லைட்டு, பன்னெண்டு நீலம். மேல ஒரு குட்டி ஃபேன். மீன் தொட்டிக்கு மேல இத மாட்டினா, கடலுக்குள்ள சூரியன் இறங்கின மாதிரி இருக்கும்.

— இறங்கும், இறங்கும். நீங்க ஒட்டின லட்சணத்துக்கு.

— என்ன லட்சணம்? நூல் பிடிச்ச மாதிரி ஒட்டியிருக்கேன்.

— நூல் பிடிச்ச மாதிரிதான் இருக்கு. அந்த நூலு கொஞ்சம் குடிச்சிருந்துச்சு போல. ஏங்க, நீல வரிசையில மூணு திரும்பி ஒட்டியிருக்கீங்க. ப்ளஸ் வர்ற இடத்துல மைனஸ். மீட்டர வெச்சுப் பாத்ததுல தெரிஞ்சுச்சு. ஒண்ணோட வால் அடுத்ததோட தலையப் பிடிச்சுக்கிட்டுப் போகணும், சின்னப் புள்ளைங்க ரயில் விளையாடுற மாதிரி. நடுவுல ஒருத்தன் திரும்பி நின்னாலும் மொத்த ரயிலும் நின்னு போச்சு. நீலத்துல ஒரு லைட்டும் எரிஞ்சிருக்காது.

— கடைக்காரன் குறிய மாத்தி அச்சடிச்சிருப்பான்.

— நல்லா இருக்கு நியாயம். குறி இதோ, என் சுண்டு விரல் நகம் அளவுக்கு இருக்கு.

— வெளிச்சம் பத்தலடி. இந்த வீட்டுல ஒரு பல்பாவது உருப்படியா எரியுதா, சொல்லு?

— போன மாசம்தானே அஞ்சு பல்பையும் மாத்துனீங்க? படிக்கட்டுல போட்டீங்க, பத்தல. குளியலறையில போட்டீங்க, பத்தல. சோத்துத் தட்டுக்கு மேல ஒண்ணு தொங்க விட்டீங்க, அதுவும் பத்தல. பக்கத்து வீட்டுக்காரம்மா கேக்குறாங்க, உங்க வீட்டுல ஏதாவது விசேஷமான்னு.

— பல்ப விடு. அந்தத் தொட்டியில இருக்கிற ட்யூப் லைட்டப் பாரு. எந்தக் காலத்துது? அது மங்கிப் போய் மூணு வருஷம் ஆகுது. அந்த வெளிச்சத்துல எவனுக்கு மீன் தெரியும்?

— எனக்குத் தெரியுதே.

— உனக்கு எல்லாந்தான் தெரியும். சரி, அந்தத் திரும்பின மூணையும் எடுத்துட்டியா?

— எடுத்து, பசை தடவி, திரும்ப வெச்சாச்சு. இப்போ கடைசி இணைப்பு. ஒயரு குடுங்க. சிவப்பு, ஒரு முழம்.

— இந்தா.

— சிவப்புங்க.

— சிவப்புதானே குடுத்தேன்.

— இது கறுப்பு.

— நல்லாப் பாரு, சிவப்புதான்.

— கறுப்புங்க இது.

— அந்த மேஜை விளக்கு மஞ்சளா எரியுது. மஞ்சள் வெளிச்சத்துல சிவப்பு, கறுப்பு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். யாருக்கா இருந்தாலும்.

— சரி. நானே எடுத்துக்கிறேன்.

— என்ன சரி? அந்தச் ‘சரி’ய ஒரு மாதிரி சொல்ற.

— ஒரு மாதிரியும் சொல்லல. பேசாம இருங்க. ம்... பிடிச்சுக்கிச்சு. அடுத்தது என்ன? இந்த ரெண்டு டப்பா.

— ஆங், இப்போ வந்த பாரு விஷயத்துக்கு! அதுக்குப் பேரு டிரைவர். வெள்ளைக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு. இந்த லைட்டு இருக்கே, குடிகாரன் மாதிரி. ஊத்த ஊத்த வாங்கிக்கும், போதும்னு அதுக்கு சொல்லத் தெரியாது, கடைசியில கருகிப் போயிடும். டிரைவர்தான் இவ்வளவுதான்டா உனக்குன்னு அளந்து ஊத்துறவன். அதுக்கும் மேல ஒருத்தன், அந்தப் பச்சை போர்டு, கன்ட்ரோலர். அவன்தான் மூளை. காலையில மெதுவா ஏத்து, மத்தியானம் முழுசா விடு, சாயங்காலம் மெதுவா இறக்குன்னு அவன் சொல்லுவான். டிரைவர் சொன்ன பேச்சக் கேப்பான்.

— சொன்ன பேச்சக் கேக்குற டிரைவரா? இந்த வீட்டுல அப்படி ஒண்ண நான் பாத்ததே இல்லையே.

— குத்து, குத்து. நல்லாக் குத்து.

— இவ்வளவும் எங்க படிச்சீங்க?

— படிக்கல. வீடியோவுல சொன்னான். காதுல மாட்டிக்கிட்டு நாலஞ்சு தடவை கேட்டேன்.

— கேட்டீங்க. பாக்கல.

— பாக்காம எப்படி? பாத்துக்கிட்டுத்தான் கேட்டேன். இதுக்கெல்லாம் ஒரு வழக்கா? கறுப்பு ஒயர கவனி. போர்டோட கறுப்பும் டிரைவரோட கறுப்பும் ஒரே இடத்துல சேரணும். சேரலேன்னா மூளை சொல்றது கைக்குக் கேக்காது. லைட்டு பாட்டுக்கு முழு வேகத்துல எரியும், மீனெல்லாம் பயந்து பாறைக்கடியில போய்ப் படுத்துக்கும்.

— புரிஞ்சுச்சு. மூணு கறுப்பையும் சேத்து ஒரே முடிச்சா போட்டுடுறேன்.

— கெட்டிக்காரிதான் நீ.

— ஐஸ் வைக்காதீங்க. சாவி வராது.

— சாவி எப்படி வரும்னு எனக்குத் தெரியும். பேசினது பேசினதுதானே? மாத்திப் பேச மாட்டியே?

— நான் எதுக்கு மாத்துறேன்? நீங்கதான் திரும்ப ஒரு தடவை சொல்லுங்க, உங்க வாயால.

— புது லைட்டு எரியும். நான் என் நாற்காலியில உக்காருவேன். தொட்டியிலேருந்து ஏழடி. எந்த மீன் எங்க நிக்குதுன்னு ஒவ்வொண்ணா சொல்லுவேன். அஞ்சு மீனும் சரியா இருந்தா சாவி என் கைக்கு வரும், அதுக்கப்புறம் கண்ணு கிண்ணுன்னு இந்த வீட்டுல பேச்சே எழக் கூடாது.

— ஒண்ணு தப்பாச்சுன்னா?

— ஆகாது.

— ஆச்சுன்னா?

— ...நானே மேனேஜருக்குப் போன் போட்டு, கண்ணு சரியில்ல, இனிமே வண்டி ஓட்ட முடியாதுன்னு சொல்லிடணும். போதுமா? திருப்தியா?

— பழக்கத்துல சொல்லக் கூடாது. பாத்து சொல்லணும்.

— பாத்துதான் சொல்வேன். இரு, போன் அடிக்குது.

— நான் எடுக்கிறேன். நீங்க பலகைய விட்டுடாதீங்க... அலோ? சொல்லுங்க சார்... ஆமாங்க சார்... காய்ச்சல் பரவாயில்லைங்க... நாளைக்கா? அது... சாயங்காலம் சொல்றேனே சார்... புரியுதுங்க, மாத்து டிரைவருக்கு வழி தெரியலதான்... புள்ளைங்க கேக்குறாங்களா?... சரிங்க சார். ஆறு மணிக்குள்ள சொல்லிடுறோம்... வெச்சுடுறேன்.

— மேனேஜரா? என்ன சொன்னாரு?

— நாளைக்கு வருவாரா, இல்ல வேற ஆள நிரந்தரமா போடவான்னு கேக்குறாரு.

— பாத்தியா? பாத்தியா? நிரந்தரமா! பத்தொன்பது வருஷம்டி! அந்த ஆளு மேனேஜரா வர்றதுக்கு முன்னாடியே நான் அந்த வண்டியில இருந்தேன். ஒரு வாரம் போகல, வாயில வந்துடுச்சு, நிரந்தரம்னு. எல்லாம் உன்னால!

— என்னாலயா?

— வேற யாரு? ஒண்ணுமே இல்லாத விஷயத்த ஊதிப் பெருசாக்கி—

— ஒண்ணுமே இல்லாததா? ஏங்க, ஒண்ணுமே இல்லாததா அது?

— அந்த வேன் ஆயா உங்கிட்ட வந்து கதை அளந்திருக்கு.

— அவங்க கதை அளக்கல. இதோ, இந்தப் படியில உக்காந்து அழுதாங்க. ஏற வந்த புள்ளையோட தண்ணி பாட்டில் உருண்டு வண்டிக்கு முன்னாடி போச்சு. அது எடுக்கக் குனிஞ்சுச்சு. நீங்க கியரப் போட்டுட்டீங்க. அவங்க பாய்ஞ்சு சட்டையப் பிடிச்சு இழுத்தாங்க, கையோட ஒரு பட்டன் வந்துடுச்சு. பாட்டில் நசுங்கிப் போச்சுங்க. அப்பளம் மாதிரி. எனக்குக் கொண்டு வந்து காட்டினாங்க.

— வெயில் மூஞ்சியில அடிச்சுச்சு. எந்த டிரைவரா இருந்தாலும்—

— அன்னைக்கு வெயிலே இல்ல.

— இருந்துச்சு.

— மூடிக் கெடந்துச்சுங்க. நான் போட்ட துணி ரெண்டு நாளு காயல. எனக்குத் தெரியாதா?

— நீ வேலையப் பாரு, முனை ஆறிடப் போகுது.

— சொல்லுங்க.

— என்னத்தச் சொல்லச் சொல்ற? குள்ளமா இருக்கும் அது. ரெட்டைச் சடை. வேன் மாமா, வேன் மாமான்னு என் பின்னாடி சீட்டுலதான் உக்காரும். அது மேல நான் வண்டிய ஏத்துவேனா?

— தெரிஞ்சு ஏத்த மாட்டீங்க. அது எனக்குத் தெரியாதா? அந்தப் புள்ளை கனவுல வருதுங்க. தண்ணி பாட்டில நீட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணும் பேச மாட்டேங்குது. நான் எந்திரிச்சு உக்காந்து, நீங்க மூச்சு விடுறதப் பாத்துக்கிட்டு இருக்கேன். இந்த மனுசன் நாளைக்கு ஜெயிலுக்குப் போனா கூட தாங்கிக்குவேன், அந்தப் புள்ளையோட அம்மா மூஞ்சிய எப்படிப் பாப்பேன்னு யோசிக்கிறேன்.

— போதும் நிறுத்து.

— நிறுத்திட்டேன். அந்த ஸ்க்ரூவ இறுக்குங்க. அது இல்ல, கீழ. இன்னும் கீழ. விடுங்க, நான் இறுக்கிக்கிறேன்.

— டாக்டர் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. வயசானா வர்றதுதான்னாரு.

— உங்க ஊதா சட்டைய துவைக்கப் போட்டீங்களே.

— அதுக்கென்ன?

— பையில டாக்டர் சீட்டு இருந்துச்சு. நான் பாக்காம தண்ணியில போட்டுட்டேன். பாதி கரைஞ்சு போச்சு. மீதிய வெயில்ல காய வெச்சுப் படிச்சேன். பார்வை ஓரத்துலேருந்து சுருங்கிக்கிட்டு வருது, மங்கல் வெளிச்சத்துல தெரியாதுன்னு போட்டிருந்துச்சு. அதுக்குக் கீழ, வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு. நாலு மாசத்துக்கு முன்னாடி தேதி.

— அது... அந்த டாக்டருக்கு எல்லாரையும் பயமுறுத்துறதே வேலை.

— நாலு மாசம், ஏங்க. நாலு மாசமா தினம் காலையில பதினெட்டுப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போயிருக்கீங்க. நானும் டீ போட்டுக் குடுத்து அனுப்பி வெச்சிருக்கேன்.

— பகல்ல எனக்கு நல்லாத் தெரியும்டி. சத்தியமா. வெளிச்சம் இருந்தா போதும். அதத்தானே நான் தலைபாடா அடிச்சுக்கிறேன்? வெளிச்சம் பத்தல, அவ்வளவுதான். அந்த வழியெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த முக்குல எந்தக் குழி இருக்கு, எந்த வீட்டு வாசல்ல எந்தப் புள்ளை லேட்டா வரும், எல்லாம். கண்ணக் கட்டி விட்டாலும் ஓட்டிடுவேன்.

— குழி அங்கேயே இருக்கும். புள்ளை அங்கேயே இருக்குமா?

— அந்த ஸ்க்ரூவ எடு, வேலை முடியட்டும்.

— கோவமா?

— கோவம் இல்ல. நீ சொல்லு, நாளைக்கு நான் அந்த வண்டிய எடுக்கலேன்னா, காலையில எந்திரிச்சு என்ன பண்ணுவேன்? அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடும். அதுக்கப்புறம்? உன் பின்னாடியே சுத்துவேனா? சுவரத் தடவிக்கிட்டு? ஏன்னு கேக்க நாதி இல்லாம மூலையில உக்காந்து... எனக்கு வேற ஒண்ணும் தெரியாதேடி. படிப்பு இல்ல, கைத்தொழில் இல்ல. ஸ்டியரிங்க விட்டா நான் ஆளே இல்ல.

— என் பின்னாடியே சுத்துங்க. நான் வேணாம்னா சொன்னேன்?

— பேச நல்லா இருக்கும்.

— ஏங்க, நான் ஜெயிக்கணும்னு இத பத்த வெச்சுக்கிட்டு இருக்கேன்னு நெனைக்கிறீங்களா?

— பின்ன?

— நான் தோத்துடணும்னுதான் இந்த ஒரு வாரமா வேண்டிக்கிட்டு இருக்கேன். நீங்க சொல்றதுதான் நிஜமா இருக்கணும், வெளிச்சந்தான் குறை, கண்ணுல ஒண்ணும் இல்ல. அதான் ஒவ்வொரு முனையையும் ரெண்டு தடவை பாக்குறேன். என் கை வேலை சரியில்லாம போய், அதனால உங்களுக்குத் தெரியாம போயிடுச்சுன்னு ஆகிடக் கூடாது பாருங்க. அஞ்சு மீனையும் சரியா சொல்லுங்க. சாவிய நானே துடைச்சு உங்க கையில குடுக்கிறேன்.

— அழ ஆரம்பிச்சுடாத. ஈயப் புகை கண்ணுல பட்டுடுச்சுன்னு சொல்லுவ அப்புறம்.

— அழல. எந்திரிங்க. பழைய ட்யூப் லைட்டக் கழட்டியாச்சு, பலகைய தொட்டி மேல வைக்கணும். நீங்க அந்த முனையத் தூக்குங்க. மெதுவா... இடது பக்கம்... உங்க இடது. ஆங். இறக்குங்க. ஒயர மிதிக்காதீங்க.

— ம். உக்காந்துடுச்சா?

— உக்காந்துடுச்சு. நீங்க போய் நாற்காலியில உக்காருங்க. பாத்து, அங்க ஸ்டூல்—

— ஸ்ஸ்! ஸ்டூல யாரு இங்க கொண்டாந்து வெச்சது?

— அது எப்பவும் அங்கதான் இருக்கு.

— இல்ல, நீ நகத்தியிருக்க. சரி, விடு. உக்காந்துட்டேன். ஜன்னல் திரைய இழுத்து மூடு. வெளி வெளிச்சம் கலந்துச்சுன்னா இதோட அழகு தெரியாது. அந்த மேஜை விளக்கையும் அணைச்சுடு.

— திரைய மூடிட்டேன். விளக்கு எனக்கு வேணும், ஒயரப் பாக்க வேண்டாமா? தொட்டிப் பக்கம் படாம சுவர் பக்கம் திருப்பி வெச்சுக்கிறேன்.

— சரி, சரி. சீக்கிரம் ஆகட்டும். மணி என்ன?

— நாலே முக்கால்.

— ஆறு வரைக்கும் அந்த மேனேஜரக் காக்க வைக்க வேணாம். அஞ்சு மணிக்கே போன் போட்டுடலாம். என்ன பண்ற அங்க?

— பிளக்க மாட்டிட்டேன். சுவிட்சப் போடவா?

— போடு தாயே, போடு!

— போட்டாச்சு. ஏங்க, இது வந்து—

— அடேயப்பா!

— என்னங்க?

— அடேயப்பா, அடேயப்பா! என்ன வெளிச்சம்டி இது! நான் சொன்னேனா இல்லையா? ஃபேன் எவ்வளவு நைசா சுத்துது பாரு. ஒரு தடவை சுவிட்சப் போட்ட, ஒரு தப்பு இல்ல. உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்.

— உங்களுக்கு... தெரியுதா?

— தெரியுதாவா? கண்ணு கூசுது! நீலம் அடியில பரவி, அதுக்கு மேல வெள்ளை. தண்ணி அசையறது தரையில வலை வலையா ஓடுது. இது கண்ணுல தெரியலேன்னா வேற என்னதான் தெரியும்? அந்த ட்யூப் லைட்டுல மூணு வருஷம் வீணாப் போச்சு.

— அவசரப்படாதீங்க. நல்லாப் பாத்து சொல்லுங்க. நிஜமா தெரியுதா?

— சொல்லட்டுமா? எண்ணிக்கோ. மந்திரி வலது மூலையில, பம்புகிட்ட, தொப்பையத் தள்ளிக்கிட்டு. ஒண்ணு. கோடு போட்டது ரெண்டும் செடிக்குள்ள. ஒண்ணு முன்னாடி போகுது, இன்னொண்ணு துரத்துது. ரெண்டு, மூணு. ஒட்டி இடது பக்கக் கண்ணாடியில வாய வெச்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. நாலு. குண்டன் பாறைக்கு அடியில. வால் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு.

— வால் தெரியுதா?

— வால் நுனியில வெள்ளைப் புள்ளி இருக்கு பாரு, அது கூட. அஞ்சு! போதுமா? இன்னும் வேணுமா? செடி இலையில நரம்பு தெரியுது. கூழாங்கல்லு ஒவ்வொண்ணா எண்ணலாம்.

— ...

— என்ன, சத்தத்தக் காணோம்? தோத்துட்டோம்னு வருத்தமா? நீதானே தோக்கணும்னு வேண்டிக்கிட்ட?

— வேண்டிக்கிட்டேன்.

— அப்போ சிரி.

— நான் தொட்டிக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன். என் முகம் தெரியுதாங்க?

— தெரியாம? அந்த நீலம் உன் கன்னத்துல பட்டு, பொண்ணு பாக்க வந்தப்ப இருந்தியே, அப்படி இருக்க. மூக்குத்தி மின்னுது. சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்கிற. அந்த உதட்டக் கடிக்கிற பழக்கம் இன்னும் போகல உனக்கு.

— சிரிக்கிறேனா?

— பின்ன? எனக்கென்ன கண்ணா இல்ல? இத்தனை நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்த. இன்னைக்குத்தான் பழைய ஆளாப் பாக்குறேன். வா, வந்து சாவியக் குடு. துடைச்சுக் குடுப்பேன்னு சொன்னியே, துடைக்கக் கூட வேணாம்.

— குடுக்கிறேன்.

— குரல் ஏன் இப்படி இருக்கு?

— ஈயப் புகை.

— அதான பாத்தேன்! சரி, போன எடு முதல்ல. மேனேஜர் நம்பரப் போட்டுக் குடு, நானே பேசுறேன். நாளைக்கு ஆறரைக்கு வண்டி வாசல்ல நிக்கும்னு சொல்றேன். அந்த ரெட்டைச் சடைக்கு ஒரு புது தண்ணி பாட்டில் வாங்கிட்டுப் போகணும். பச்சை நிறம்தானே அது வெச்சிருந்தது?

— ஊதா.

— ஊதா, ஊதா. வாய் தவறிடுச்சு. போட்டியா நம்பர?

— போடுறேங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.

— என்ன இப்போ? இன்னொரு பரீட்சையா? இந்த வெளிச்சத்துல நீ என்ன கேட்டாலும் சொல்லுவேன். கேளு.

— கம்பெனியில நாங்க எடுத்த எடுப்புல மொத்தமா போட மாட்டோம், முதல்ல ஃபேன ஓட விட்டு மீட்டர்ல பாத்துட்டு அப்புறம்தான் லைட்டுக்கு இணைப்பு குடுப்போம்... ஏங்க, லைட்டு ஒயரு ரெண்டும் இன்னும் என் கையிலதான் இருக்கு.